மழையில் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும்

போன மாதம்தான் ஹார்ட்விக் தன் மனைவியை அடக்கம் செய்திருந்தார். இந்த மாதம் கார் ஷெட்டுக்குப் புது ஹீட்டர் மாட்டியிருந்தார்.

“வீட்டுக்குள்ள குளிர் ஆளை நடுக்குது. காருக்கு மட்டும் கதகதப்பு!” மைக்கே தன் கணவன் டோர்பனின் காதைக் கடித்தாள். “பாவம் அந்தம்மா. இந்த மனுஷனோட எப்படித்தான் காலம் தள்ளினாங்களோ?”

கார் விற்பனைக்கு என்ற விளம்பரம் பார்த்துவிட்டு இருவரும் கொலோனிலிருந்து ஐஃபல் மலைக்கு வந்திருந்தார்கள். டோர்பன் எதையும் காதில் வாங்கவில்லை. கரும்பச்சை போர்ஷே 911 காரைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான்.

ஷெட்டுச் சுவரில் வரிசையாக மூன்று புகைப்படங்கள். மூன்று தலைமுறை 911. ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையில் துணியோடு ஹார்ட்விக். படத்துக்குப் படம் அவர் தலைமுடிதான் குறைந்துகொண்டே வந்தது.

“முதல் வண்டி காத்துல குளிர்ற இன்ஜின். கரடி மாதிரி உறுமும். அடுத்தது தண்ணியில குளிர்றது. அதோட முன்விளக்கைப் பாத்து ஊரே சிரிச்சுது, பொரிச்ச முட்டை மாதிரி இருக்குன்னு. ரோஸ்வித்தாவுக்கு மட்டும் அதுமேல கொள்ளை ஆசை.” மனைவி பெயரைச் சொன்னதும் கார் கதவை ஒருமுறை தடவிக்கொடுத்தார். “இது மூணாவது. ஆயில் மாத்தினது, பிரேக் கட்டை போட்டது எல்லாம் நானே. வேற ஒருத்தரையும் தொட விட்டதில்ல.”

“எந்தப் படத்துலயும் அவங்க இல்லையே சார்?” என்றாள் மைக்கே, கொஞ்சம் குத்தலாகவே.

“படம் எடுத்தது அவதாம்மா.”

‘அதானே’ என்பதுபோல் மைக்கே கணவனைப் பார்த்தாள்.

டோர்பன் குனிந்து டயரை அழுத்திப் பார்த்தான். “ரொம்ப நாளா வெளிய எடுக்கலன்னீங்க. டயர் ஒரே பக்கமா அழுந்தியிருக்குமே?”

“ரோஸ்வித்தா படுத்த படுக்கையானதுலேருந்து எடுக்கல. அதான் தினம் காலையில கையால தள்ளி முன்ன பின்ன நகர்த்தி வெப்பேன்.”

“இந்த வயசுல தள்ளுறீங்களா? நீங்க மனுஷனே இல்ல சார், வண்டிப் பைத்தியம்!” டோர்பன் சிரித்தான். ஹார்ட்விக்கும் லேசாகச் சிரித்தார்.

“அது கிடக்கட்டும் தம்பி. இதை வாங்கி என்ன பண்ணப் போறீங்க?”

“கவலையே படாதீங்க. உறை போட்டு மூடி வெச்சிடுவேன். ஒரு கீறல் விழாது. கொஞ்ச வருஷத்துல விலை எங்கயோ போயிடும்.”

ஹார்ட்விக்கின் முகம் இருண்டது. திறந்திருந்த பின்பக்க இன்ஜின் மூடியை மெதுவாக அழுத்தி மூடினார்.

“காபி போட்டிருக்கேன். குடிச்சுட்டுக் கிளம்புங்க.”

“என்ன சார் திடீர்னு?”

“முன்னால வந்தவங்களும் இதையேதான் சொன்னாங்க. மூடி வெக்கறதுக்கு நான் ஒருத்தன் போதாதா?”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மைக்கே வாசலில் நின்று, மலையேறிப் போகும் ஈரச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்த மழையில இதை ஓட்டலாமா சார்?”

“உனக்கென்ன கிறுக்கா? சேறெல்லாம் அப்பிக்கும்!” என்றான் டோர்பன்.

ஹார்ட்விக் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். “ஓட்டும்மா. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

இன்ஜின் உயிர் பெற்றதும் அவர் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. டோர்பனை வாசலிலேயே விட்டுவிட்டு வண்டி கிராமத்தைத் தாண்டி, மலைப்பாதையில் ஏறியது. ஹார்ட்விக் கண்ணை மூடிக்கொண்டார்.

“இப்ப மூணாவது கியர். வளைவு நீளம், அவசரப்படாதே... இங்க பிரேக்கைத் தொடாதே, காலை மட்டும் எடு. ஆங், அப்படித்தான். இப்ப மிதி!”

வண்டி சீறிக்கொண்டு காட்டுக்குள் பாய்ந்தது. மைக்கே தன்னை மறந்து கூவினாள். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. மூடிய இமைகளிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது.

உச்சியில் வண்டியை நிறுத்தினாள். கீழே பள்ளத்தாக்கு முழுவதும் மழை.

“வண்டி உனக்குத்தாம்மா,” என்றார் ஹார்ட்விக். “உன் வீட்டுக்காரருக்கு இல்ல. உனக்கு. மழையோ வெயிலோ, எடுத்து ஓட்டிடணும். நிறுத்தி வெச்சா செத்துடும்.”

இந்த மனிதரையா அப்படிப் பேசினோம் என்று மைக்கேவுக்கு வெட்கமாக இருந்தது. இவரிடமிருந்து இதைப் பிடுங்கிக்கொண்டு போவதற்கும் மனசு வரவில்லை.

கதவைத் திறந்து நனைந்துகொண்டே சுற்றி வந்தாள். அவர் பக்கத்துக் கதவைத் திறந்து, சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

“நாளைக்கு இது உங்ககிட்ட இருக்காது சார். திரும்பிப் போறப்ப, கடைசியா ஒரு தடவை நீங்களே ஓட்டுங்க.”

ஹார்ட்விக் சாவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் கையைப் பிடித்து, அதிலேயே திருப்பி வைத்து, விரல்களை மூடினார்.

“எனக்குக் கார் ஓட்டத் தெரியாதும்மா... மூணு வண்டியையும் ஓட்டினது ரோஸ்வித்தா.”