லாரி திரும்ப இடமில்லை

பதினொன்றாவது இடமும் கைநழுவப் போகிறது என்று, இடத்தைப் பார்வையிட வந்த தேர்வுக் குழுத் தலைவரின் முகத்தைப் பார்த்ததுமே பொறியாளருக்குத் தெரிந்துவிட்டது. எட்டு மாதம் அலைந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

"தெருவைப் பாருங்க. சைக்கிள் நுழையவே இடமில்ல. இங்க லாரி எப்படித் திரும்பும்?" என்றார் தலைவர்.

"நாலு நாள் இதே மில்லு வாசல்ல நின்னு எண்ணினேன் சார். இந்த நேரத்துல தெரு காலியாத்தான் கிடக்கும்."

"அப்ப நான் பாக்குறது பொய்யா? ஹாரன் சத்தம் காதைப் பிளக்குது."

குழுவின் மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். பொறியாளர் நூறு தடவை சொன்னதையே மறுபடி சொன்னார்.

"மூடிக் கிடக்கிற மில்லு சார், கட்டடம் தயாரா இருக்கு. ஊருக்குள்ள வர்ற சரக்கையெல்லாம் இங்க இறக்கி, ஒண்ணா சேத்து பேட்டரி வண்டியில அனுப்பிடலாம். என் பொண்ணு படிக்கிற ஸ்கூல் வாசல்ல தினம் நாப்பது லாரி புகை கக்கிட்டுப் போகுது. அது அஞ்சு வண்டியாக் குறையும்."

"வேற இடம் பாருங்க" என்று தலைவர் கிளம்பினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

ஐந்தே நிமிடத்தில் ஹாரன் ஓய்ந்து, தெரு வெறிச்சோடியது.

எதிர்க்கடைக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார். அப்படி என்னதான் தேடுறீங்க?"

"பல பேரோட சரக்கை ஒரே வண்டியில ஏத்தி அனுப்ப ஒரு இடம்."

கடைக்காரர் காலித் தெருவை ஒருமுறை பார்த்தார்.

"அதுக்கா ஏழு பேரும் ஆளுக்கொரு கார்ல வந்து தெருவை அடைச்சுக்கிட்டு நின்னாங்க?"