வலப்பக்கம் சீவிய முடி

"ஆடாம இரும்மா."

அப்பா மகளின் முன்முடியை நனைத்து, வலப்பக்கம் சீவி, டிரையரால் காயவைத்துக் கிளிப் போட்டார். கிளிப்பை எடுத்ததும் அது இடப்பக்கமே சரிந்தது.

"என் சுழி அப்படிப்பா, அடங்காது. பயமாயிருக்கு, அம்மா கண்டுபிடிச்சிட்டா என்னப்பா பண்றது?"

"எனக்கும்தான் பயம். நீ வாயைத் திறக்காம சிரி, போதும்."

ஆஸ்பத்திரியில், விபத்தில் அடிபட்ட அம்மா படுத்திருந்தாள். ஆபரேஷன் முடியும்வரை எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளோ இரட்டையரில் மூத்தவளை, அன்று தன்னோடு வண்டியில் வந்த, வலப்பக்கம் சீவுகிறவளையே, கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாரு, பெரியவ வந்துட்டா," என்றார் அப்பா.

அம்மா மகளின் நெற்றியைத் தடவினாள். முடி இடப்பக்கம் சரிந்தது. அதை அந்தப் பக்கமே ஒதுக்கிவிட்டாள்.

"சின்னவளே, அக்காவை எடுத்தாச்சா?"