கீழே விழுந்தது

"பொத்."

கூடத்தில் ஏதோ விழுந்தது. அடுப்படியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்த அடிமைப்பெண் கிரெஸ்தே மனசுக்குள் எண்ணிக்கொண்டாள். இன்றைக்கு மூன்றாவது.

"உங்க கைக்கு என்னங்க கேடு?" எஜமானி பெதிலியாவின் குரல். "நாலு நாளா நல்ல கறித்துண்டாப் பார்த்து நழுவுது."

"வயசாகுது இல்ல," என்றார் அவள் கணவர் நுமேரியஸ்.

சாப்பாட்டு வேளையில் தரையில் விழுந்ததை வீட்டுக்காரர்கள் தின்னக் கூடாது, பெருக்கித் தள்ளவும் கூடாது. அது வீட்டுச் சாமிக்கு. அடுப்படி மாடத்தில் படைத்து, ஒரு கிள்ளு நெருப்பில் போடவேண்டும். மிச்சம் யார் வயிற்றுக்குப் போகிறது என்று நோலா ஊரில் யாரும் கேட்பதில்லை.

நாலு நாள் முன்னால் மாடத்தைத் துடைக்கும்போது கிரெஸ்தேயின் கை பட்டு, சாமி பொம்மையின் மூக்கு உடைந்துவிட்டது. வந்த கோபத்தில் பெதிலியா அங்கேயே சாமி மேல் ஆணையிட்டாள். ஒன்பது நாளைக்கு வெறும் ரொட்டி தவிர இவளுக்கு எதுவும் கொடுக்க மாட்டாளாம்.

கிரெஸ்தேக்கு இரண்டு மாதக் குழந்தை. பால் வற்றிக்கொண்டே வந்தது.

நுமேரியஸ் மனைவியை எதிர்த்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கைதான் நழுவ ஆரம்பித்தது.

இப்போது காலடிச் சத்தம். தட்டோடு பெதிலியாவே வந்து நின்றாள்.

"வாயில என்னடி?"

முந்தி விழுந்து மாடத்துக்கு வந்த கறித்துண்டு. கிரெஸ்தேயால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

"அவர் போடுறதெல்லாம் எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

கூடையில் குழந்தை சிணுங்கியது. பெதிலியா குழந்தையைப் பார்த்தாள். மூக்கில்லாத சாமியைப் பார்த்தாள்.

கையிலிருந்த தட்டு மெல்லச் சாய்ந்தது.

"பொத்."

முழுப் பாலாடைக்கட்டி.

"சாமி மேல சொன்ன வார்த்தையை நான் திருப்பி எடுக்க முடியாது," என்றாள் பெதிலியா, குரலைத் தாழ்த்தி. "அந்த மனுஷனுக்குச் சரியாப் போடவும் தெரியலை. பால் ஊறணும்னா இதையில்ல போடணும்? எடுத்து வை."

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

கிரெஸ்தே ஒரு கிள்ளு நெருப்பில் போட்டாள். மாடத்துக்குக் கீழே உட்கார்ந்து மிச்சத்தை நிதானமாகத் தின்றாள். பிறகு, பாதியில் விட்ட சட்டியை இழுத்துவைத்துத் தேய்க்கத் தொடங்கினாள்.