நூறாவது பிள்ளை

"பொழுது சாயறதுக்குள்ள நூறு பிள்ளை பெத்துக் காட்டுறேன், பாரு!" என்று மார்தட்டுகிறார், கடையை மூடிவிட்டு வீட்டோடு இருக்கும் தையல்காரர். "பெத்த ஒண்ணையே நம்மால தக்கவைக்க முடியல. இதுல நூறாம்!" என்கிறாள் மனைவி, திரும்பாமலேயே. ஜன்னல் வெயில் பாயில் நீளமாகப் படுத்திருக்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்ட அரசி, போர்க்களத்தில் செத்துக் கிடக்கும் தன் நூறு பிள்ளைகளைத் தடவிப் பார்க்கும் கதையைத்தான் துணிப் பொம்மைகளாகத் தைக்கிறார். ஊசி போகிற வேகத்தில் நூலுக்கே மூச்சு வாங்குகிறது. ஊரிலுள்ள பஞ்செல்லாம் அவர் மீசையில்தான் இருக்கிறது. கட்டைவிரல் உயர இளவரசர்கள் பாய் முழுக்க மல்லாந்து கிடக்கிறார்கள், நடுவில் அரசி. தொண்ணூற்றொன்பதில் துணி தீர்ந்துபோகிறது. அவர் கண் பீரோ பக்கம் போய், சட்டென்று திரும்பிவிடுகிறது. போன வருஷம் காய்ச்சலில் கண்ணை மூடிய மகனின் நீலச் சட்டை அதற்குள் இருக்கிறது. இன்றுவரை அதை யாரையும் மனைவி தொட விட்டதில்லை. "ஒண்ணு குறைஞ்சா யாருடி எண்ணப் போறா?" என்று சிரிக்கப் பார்க்கிறார். "அவ எண்ணுவா," என்று அரசியைக் காட்டுகிறாள் மனைவி. எழுந்துபோய் பீரோவைத் திறக்கிறாள். கத்தரிக்கோல் சட்டைக் கையில் நறுக்கென்று இறங்குகிறது. அவர் தைத்துக் கொடுத்த நீலப் பிள்ளையை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, மற்றவர்களோடு கிடத்துகிறாள். வெயில் இன்னும் பாயை விட்டு இறங்கவில்லை. "நான்தான் நம்பல. சொன்ன மாதிரியே நூறு பெத்துட்டீங்க," என்கிறாள், அரசியின் கையை எடுத்து அந்த நீலத்தின்மேல் வைத்தபடி.