தோள்மேல் ஒரு கை

"பாஸ் இல்லாம யாரையும் உள்ள விடக் கூடாதும்மா. அதுலயும் உன்னை விடவே கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காங்க."

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள் நிர்மலா. இந்தப் பக்கம் வாட்ச்மேன் கலியமூர்த்தி. காலாப்பட்டுக் கடற்காற்று தொப்பியைப் பிடுங்கப் பார்க்க, ஒரு கையால் அதை அமுக்கிக்கொண்டார்.

உள்ளே கம்பெனியின் ஆண்டு விழா. டாக்டரைப் பார்க்கப் போனிலேயே டோக்கன் போட்டுத் தரும் கம்பெனி. தலைவர் ஹரிகிருஷ்ணன், தான் வளர்ந்த கதையையும் தலைமைக்கு வேண்டிய பாடங்களையும் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லப் போகிறானாம்.

"பின்னாடி நின்னு கேட்டுட்டுப் போயிடறேண்ணே. அவ்வளவுதான்."

கலியமூர்த்தி யாரையும் லேசில் நம்புகிறவர் அல்ல. பால்காரன் ஊற்றும்போதே பாத்திரத்துக்குள் எட்டிப் பார்க்கிற ஆள். சண்டை போட்டுக்கொண்டு போனவள், சும்மா பேச்சுக் கேட்கவா இவ்வளவு தூரம் வருவாள்? இவள் எழுந்து ஒரு வார்த்தை பேசினால் போதும், அவர் சோற்றில் மண். இந்த வயதில் வேறு எவன் வேலை கொடுப்பான்?

ஆனாலும் மூலக்குளத்து வாடகை வீடு கண்ணுக்குள் வந்து நின்றது. கம்பெனி பிறந்தது அங்கேதான். காலையில் கதவைத் திறப்பதும் இவள்தான், கூட்டிப் பெருக்குவதும் இவள்தான். கைக்குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு எல்லாருக்கும் சேர்த்து உலை வைப்பாள். கலியமூர்த்திக்குத் தட்டு வைத்த பிறகுதான் தன் தட்டை எடுப்பாள். அந்தக் கத்திரிக்காய்க் குழம்பு இன்னும் அவர் நாக்கில் இருந்தது.

"வாயத் திறக்க மாட்டேன்னு உன் பொண்ணு மேல சத்தியம் பண்ணு."

"ஏழாவது படிக்கிறாண்ணே இப்ப. அவ மேல சத்தியம்."

பக்கத்துக் கதவு வழியாக அழைத்துப் போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் நிறுத்தினார். அவரும் பக்கத்திலேயே நின்றுகொண்டார். சத்தியத்தையும் அவர் முழுசாக நம்புவதில்லை.

மேடையில் கோட்டு மாட்டிய ஹரிகிருஷ்ணன் பேசிக்கொண்டிருந்தான். தலைவன் என்றால் முதலில் துடைப்பத்தைக் கையில் எடுக்க வேண்டுமாம். முதல் ஆபீசைத் தானே தினமும் கூட்டினானாம். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஹரிகிருஷ்ணன் துடைப்பத்தை எடுத்து கலியமூர்த்தி பார்த்தது ஒரே முறைதான். அதுவும் பல்லி அடிக்க. பல்லி தப்பித்துவிட்டது.

அடுத்த பாடம், ஓய்வு. மதியம் சாப்பிட்டதும் ஆபீசே தூங்குகிற வழக்கத்தைக் கொண்டுவந்தது அவன்தானாம். கலியமூர்த்திக்குச் சிரிப்பு வந்தது. மதியமானால் கடையைச் சாத்திவிட்டுப் படுக்கிற ஊர்தான் இது. ஆனால் அந்த வீட்டில் வழக்கத்தைக் கொண்டுவந்தது தூளி. யாராவது கம்ப்யூட்டரைத் தட்டினாலே குழந்தை வீரிடும். வேறு வழியில்லாமல் எல்லாரும் பாய் விரித்துப் படுத்தார்கள். குழந்தை எழுந்தால்தான் கம்பெனி எழும். பாப்பாதான் மேனேஜர் என்று அப்போது ஒரு கேலி. எவ்வளவு நல்ல காலம்.

ஓரக்கண்ணால் பார்த்தார். நிர்மலாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஹெல்மெட்டைப் பிடித்த விரல்கள் மட்டும் வெளுத்திருந்தன.

பிறகு, கூட்டம் திரண்டு வந்த கதை. கிளினிக் ஒன்றில் எல்லாருக்கும் ஒரே நம்பர் டோக்கன் போய், ஆத்திரத்தோடு ஜனங்கள் மூலக்குளத்து வீட்டுக்கே வந்துவிட்டார்கள். தான் ஒற்றை ஆளாய் வாசலில் நின்று சமாளித்ததாகச் சொன்னான் ஹரிகிருஷ்ணன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போய், மோர் கொடுத்து, மன்னிப்புக் கேட்டு அனுப்பியவள் இவள். அவன் அப்போது பாத்ரூமுக்குள் தாழ் போட்டிருந்தான்.

"சும்மா இரு" என்று கலியமூர்த்தி முணுமுணுத்தார்.

"நான் சும்மாதாண்ணே இருக்கேன்" என்றாள் நிர்மலா.

கடைசியாகத் திரையில் ஒரு போட்டோ வந்தது. அந்த வீட்டு வாசல். ஒரு ஓரத்தில் மெலிந்த ஹரிகிருஷ்ணன், அவனுக்கு அந்தப் பக்கம் இரண்டு பையன்கள்.

"இதுதான் எங்க ஆரம்பம். நாங்க மூணு பேருதான்."

கலியமூர்த்தி தொப்பியைக் கழற்றினார். அந்தப் படத்தை எடுத்தவரே அவர்தான். அசையாதீங்க, அசையாதீங்க என்று கத்திக் கத்தி, தன் கட்டைவிரல் மறைக்காமல் எடுத்த ஒரே படம். இப்போது அதன் ஓரத்தை வெட்டியிருந்தார்கள். ஆனால் பச்சைக் கண்ணாடி வளையல் போட்ட ஒரு கை மட்டும் ஹரிகிருஷ்ணனின் தோளில் அப்படியே கிடந்தது. அதையும் வெட்டினால் அவன் தோளும் சேர்ந்து போயிருக்கும்.

"போறேண்ணே. சொன்ன மாதிரி வாயத் திறக்கல." நிர்மலா கதவுப் பக்கம் திரும்பினாள்.

"தம்பி" என்றார் கலியமூர்த்தி. மைக் இல்லாமலே அந்தக் குரல் மேடைவரை போனது. "உன் தோள்மேல கெடக்குதே, அந்தக் கை யாருது?"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. ஹரிகிருஷ்ணன் தண்ணீர் பாட்டிலைத் தேடினான்.

"நீ சொல்ல மாட்ட, நான் சொல்றேன். நீ வேலை கேட்டு வந்து சேர்ந்த அன்னைக்கு எடுத்த படம் அது. உன்னைத் தட்டிக் கொடுக்குற அந்தக் கை, இந்தக் கம்பெனிய ஆரம்பிச்ச முதலாளியம்மாவோடது. பணம் போட்டவங்களோட சேர்ந்து நீ வெளிய தள்ளுன அம்மா, இதோ நிக்கிறாங்க."

நிர்மலா பதறிப்போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ ஏம்மா பயப்படுற? சத்தியம் பண்ணது நீதான், நான் இல்லையே."