செங்கல் பத்து ரூபாய்

"பஞ்சவர்ணம்! ரிஜிஸ்டர் தபால்!"

தபால்காரர் மல்லப்பன் சைக்கிளை நிறுத்துவதற்குள் பாதிச் சவரம் செய்த முகத்தோடு சந்துக்கு ஓடிவந்துவிட்டேன்.

வந்தேவிட்டது. ஷேர் வந்தேவிட்டது!

மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்தில் அதுவரை யாருக்கும் பம்பாயிலிருந்து கடிதம் வந்ததில்லை. அப்போது தொண்ணூற்றிரண்டு, பிப்ரவரி மாதம்.

என் மனைவி பஞ்சவர்ணம் ஊதுபத்தி மாவு அப்பிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மல்லப்பன் நீட்டிய தாளில் எப்போதும் போலத் தமிழில் தன் பெயரை எழுதினாள். தாளின் ஓரத்தில் கருப்பாக ஒரு விரல் பதிந்தது.

நான் கொத்தனார். பதினெட்டு வருடமாக மைசூரில் வீடு கட்டுகிறேன், அத்தனையும் ஊரான் வீடு. ஷேர் என்றால் என்னவென்று என் மண்டையில் ஏறும்படி சொன்னவர் எங்கள் சூப்பர்வைசர் கிருஷ்ணராஜ்தான்.

"கம்பெனிய ஒரு கட்டடம்னு வெச்சுக்கோ ரத்தினவேலு. ஷேர்னா அதுல ஒரு செங்கல். பத்து ரூபாய்க்கு வாங்கற செங்கல், மார்க்கெட்டுக்கு வந்த அன்னிக்கே அறுபது ரூபாய், பாருய்யா!"

முந்நூறு செங்கல், மூவாயிரம் ரூபாய். முந்நூறை அறுபதால் பெருக்கினால் பதினெட்டாயிரம். ஊர்க்கோடியில் சொந்தமாக வீடு கட்ட ஒரு சைட்டுக்கு முன்பணம் கொடுத்துவிடலாம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

கையில்தான் காசில்லை. பஞ்சவர்ணத்தின் கழுத்தில் இரண்டு பவுன் சங்கிலி இருந்தது. நாலு வருடம் ஊதுபத்தி உருட்டி அவளே வாங்கியது.

கேட்டதும் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அதை அடகு வைத்தேன். அந்த நன்றிக்காகவே ஷேரையும் அவள் பெயரிலேயே கேட்டு எழுதினேன்.

விலை இறங்கினாலும் இறங்கும் என்றும் கிருஷ்ணராஜ் சொன்னார். நான் எங்கே அதைக் காதில் வாங்கினேன்?

விண்ணப்பப் பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பஞ்சவர்ணம் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "எதுனாலைங்க பாரத்த வேண்டாம்னு தள்ளுவாங்க?"

என்ன அக்கறை! அவர் மூன்று காரணம் சொன்னார். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது உறையைக் கிழித்தேன். ஒரு கடிதம். கூடவே ஒரு செக். மூவாயிரம் ரூபாய்!

"லாபம்! அதுக்குள்ள லாபத்த அனுப்பிட்டாங்க!"

சந்தே கூடிவிட்டது. எதிர்வீட்டு தேவம்மா ஒரு பிடி சர்க்கரையைக் கொண்டுவந்து என் வாயில் போட்டாள். நான் மல்லப்பனுக்குப் பத்து ரூபாய் இனாம் கொடுத்தேன்.

அவர் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எனக்குப் புரியாத அந்த இங்கிலீஷ் கடிதத்தை வாங்கிப் படித்தார். பிறகு பத்து ரூபாயை எடுத்துத் திரும்ப என் கையிலேயே வைத்தார்.

"லாபம் அல்லய்யா. உங்க காசுதான் வாபஸ் வந்திருக்கு. ரெண்டு எடத்துலயும் கையெழுத்து ஒரே மாதிரி இல்லன்னு பாரத்தத் தள்ளிட்டாங்க."

வாயில் சர்க்கரை இன்னும் இனித்தது.

"ஏம்புள்ள, என்ன பண்ணித் தொலைச்ச?"

"கையெழுத்துக்கு ரெண்டு எடம் இருந்துச்சுங்க. ஒண்ணுல தமிழ்ல போட்டேன், ஒண்ணுல கன்னடத்துல போட்டேன். நாமதான் ரெண்டும் பேசறமுங்களே."

சந்து முழுக்கச் சிரித்தது. பாவம், அவளுக்கு என்ன தெரியும் என்று தேவம்மா பரிந்து பேசினாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பதினெட்டாயிரம் போயே போச்சு.

அப்புறம்தான் கவனித்தேன். பஞ்சவர்ணம் எப்போதோ கையைக் கழுவிவிட்டிருந்தாள். காலில் செருப்பு. கையில் பேங்க் பாஸ்புக், அதற்குள் மடித்து வைத்த அடகுச் சீட்டு.

என் கையிலிருந்த செக்கை மெல்ல உருவிக்கொண்டாள்.

"ரெண்டு மணிக்கு பேங்க்கச் சாத்திருவாங்க. வந்தர்றனுங்க."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் அதைப் பார்த்ததில்லை.

அவள் சந்துமுனை திரும்பும்வரை நின்றுகொண்டிருந்தேன். கிருஷ்ணராஜ் சொன்ன மூன்று காரணங்களையும் யோசித்துப் பார்த்தேன்.

முதலாவது, கடைசித் தேதி தாண்டுவது. இரண்டாவது, கையெழுத்து மாறுவது.

மூன்றாவது ஞாபகம் வரவில்லை. அவளுக்கும் அது தேவைப்படவில்லை.