கோர்ட்டுப் பக்கமே போகாத வக்கீல்

“நீங்க வக்கீலா?”

வீட்டுக்கார அம்மாள் வசந்தகுமாரி இப்படிக் கேட்டதும் ஜகதீசன் குனிந்து பார்த்தான். கோர்ட்டில் கட்டுகிற வெள்ளைக் கழுத்துப் பட்டை அவன் சட்டைப் பையிலிருந்து பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தாரிணி பார்வையாலேயே அவனைப் பொசுக்கினாள்.

‘ஆபீஸ் வேலைன்னு மட்டும் சொல்லுங்க’ என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் திருமுல்கேரியில் வீடு பார்க்க அவனை அழைத்து வந்திருந்தாள். வக்கீல் என்று தெரிந்ததுமே இதுவரை போன வீடுகளிலெல்லாம் கதவைச் சாத்தியிருந்தார்கள். இப்போது குடியிருக்கும் வீட்டையோ இடிக்கப் போகிறார்கள். இந்த மாடி போர்ஷனும் கை நழுவினால் தட்டுமுட்டுச் சாமானோடு தெருவில்தான் நிற்க வேண்டும்.

“என்ன மாதிரி கேஸெல்லாம் எடுப்பீங்க?” அம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “வீடு, வாடகை, இதெல்லாம் உண்டா?”

உண்மையைச் சொன்னால், செகந்திராபாத் கோர்ட்டில் அவனுக்குக் ‘காலி ஜகதீசன்’ என்றே பட்டப்பெயர். எப்பேர்ப்பட்ட குடித்தனக்காரரையும் கிளப்பிவிடுவான். ஆனால் காலி பண்ண வைக்கத் தெரிந்தவனுக்குக் காலி பண்ணாமல் இருக்கவும் தெரியுமே! அந்தப் பயம்தான் வீட்டுக்காரர்களுக்கு.

“ஐயோ, வாடகை கேஸா? அதுல எனக்கு ஆனா ஆவன்னா தெரியாதும்மா.”

“அப்ப வேற கேஸ்ல வாதாடுவீங்க, ஹவ்? ஆமாதானே?”

“கோர்ட்டுப் பக்கமே போறதில்லம்மா. ஆபீஸ்ல உட்கார்ந்து டைப் அடிக்கிறதோட சரி.”

“ஒரு கேஸ்கூடவா ஜெயிச்சதில்ல?”

“இவரா? வீட்ல என்கிட்டயே ஜெயிச்சதில்ல ஆன்ட்டி” என்று தாரிணி கைகொடுத்தாள்.

மாடியில் யாரோ செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு நடந்தார்கள். பெயின்ட் அடிக்க ஆள் வந்திருக்கும், வீடு நமக்குத்தான் என்று ஜகதீசனுக்கு உற்சாகம் பிறந்தது. அம்மாளின் முகம் மட்டும் ஏனோ தொங்கிப் போயிருந்தது. இன்னும் நம்பவில்லை போல என்று ஒரு பொய்யைக் கூடவே போட்டான்.

“இந்தக் கழுத்துப் பட்டைகூட ஃப்ரெண்டோடதும்மா. போட்டோ எடுக்க வாங்கினேன்.”

அம்மாள் பெருமூச்சு விட்டு எழுந்து கதவைத் திறந்துவிட்டாள்.

“அப்ப நக்கோ சார், வேணாம், நீங்க சரிப்பட மாட்டீங்க. மாடியில ஒரு வக்கீல் ஒன்பது வருஷமா காலி பண்ணாம உட்கார்ந்திருக்கார். அவரைக் கிளப்புற வக்கீலுக்குத்தான் அந்த வீடு!”